பரிமளம் படலையில் நின்று சொன்னது

பரிமளத்தின் வேலிப் படலையில் ஒரு பழைய பால்மாத் தகர ரின் கட்டித் தொங்கும். உள்ளே நாலைந்து சிப்பிகள் கிடக்கும். அலுவலாக வருகிறவர்கள் அந்த ரின்னைத்தான் ஆட்டவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. புங்குடுதீவு மடத்துவெளியில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். புதிதாக வந்த கிராம அலுவலருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் வந்த முதல் மாதம் வேலிக்கு வெளியே நின்று "பரிமளம், பரிமளம்" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று போய்விட்டார். ஆள் இருந்தது. குசினியில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், மாக் குழைத்த கையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

அவளுடைய புருசன் பிரதாபனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மகள் பவதாரணி தவழத் தொடங்கிய வருசம். விளக்கு வைக்கிற நேரம் படலையில் நின்று யாரோ, சிநேகிதனைக் கூப்பிடுவதுபோல மெதுவாக, அவனுடைய பெயரைச் சொன்னார்கள். தோளில் போட்ட துவாயோடு போனவன் திரும்பி வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். செத்தான் என்று யாரும் சொல்லாததால் அவனுக்குச் செத்தவீடு நடக்கவில்லை. அவளுக்காக ஒருவரும் படலை படலையாகப் போய்ச் சேதி சொல்லவில்லை. அதற்குப் பிறகு பரிமளமும் ஊரில் எந்தச் செத்தவீட்டுக்கும் போகவில்லை. போனால் தன்னுடைய கணக்கையும் அங்கே முடித்துவிடுவார்களோ என்ற பயம். சனமும் விட்டுவிட்டது. அவளுக்கு யாரும் சொல்வதுமில்லை, அவள் வரவில்லை என்று குறை பிடிப்பதுமில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைப்பது அவளுடைய வேலை. அதோடு மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். அந்தப் பதவி ஏலாது என்று சொல்லப் பயந்ததால் வந்தது. கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது அவள் மட்டும் யாரோ வருகிறார்கள் என்று வாசலை நிமிர்ந்து பார்த்துவிட்டாள். "பரிமளம் பாக்கிறா, பரிமளத்தைப் போடுங்கோ" என்றார்கள். போட்டாயிற்று.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் பாலத்து அலுவல் வந்து சேர்ந்தது.

புங்குடுதீவையும் வேலணையையும் சேர்த்துக் கடலுக்குக் குறுக்கே போகிற பழைய தாம்போதிக்குப் பக்கத்தில் புதுப் பாலம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்புக் கொம்பனி ஒன்று எடுத்த வேலை. பழையது ஒடுக்கம். காற்றுக் காலத்தில் கடல் தண்ணீர் பஸ்ஸின் யன்னலால் வந்து மடியில் விழும். புதுப் பாலம் வரட்டும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். பாலம் முடிந்து, பழையதை மூடி, பஸ்ஸும் அதால் ஓடத் தொடங்கிய பிறகுதான் மற்றக் கதை வெளியில் வந்தது. கொம்பனி முப்பது வருசத்துக்குப் போகிற வருகிற வாகனங்களிடம் காசு வாங்கும். அதற்குப் பிரதேச சபை தீர்மானம் போடவேண்டும். தீர்மானத்துக்கு முதல் ஊர்ச்சனத்தின் சம்மதம் எடுக்கவேண்டும்.

"குடிக்கிற தண்ணி பவுசர் லொறியிலை வாற ஊர்" என்றாள் கத்தரீனா. அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம், வேலணைப் பக்கத்துச் சுருவில்காரி. விடிய ஸ்கூட்டியில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலத்தால் வருகிறவள். பள்ளிக்கூடக் குசினிக்குக் கிழமையில் ஒரு நாள் மீன் கொடுப்பதால் பரிமளத்தோடு பழக்கம். "பவுசருக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, அம்புலன்ஸ் மட்டும் சும்மா போகலாமாம். அப்ப மீனைக் கொண்டாறதுக்கு நான் படுத்துக்கொண்டுதான் வரவேணும்."

"எனக்கேன் சொல்லுறீர்?"

"நீங்கள்தானே சங்கத்துச் செயலாளர். என்ர வோட்டு அங்காலை, என்ர மீன்தான் இஞ்சாலை. மீனுக்கும் வோட்டுக் குடுத்தாங்கள் எண்டா உங்களை நான் கெஞ்சமாட்டன் அக்கா. வெள்ளிக்கிழமை வாகீசன் கூட்டம் வைக்கிறானாம். தன்ர ஆக்களை இருத்திக் கையை உயத்துவிச்சுப் படம் எடுத்தானெண்டா, அதுதான் ஊரின்ர சம்மதம். சனத்தை வரச் சொல்லுங்கோ. வந்தாலே போதும்."

வாகீசன் அந்த வட்டாரத்துச் சபை உறுப்பினர். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வளவு. அடுத்த மாதம் தேர்தல், திரும்பவும் நிற்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. செத்தவீடுகளில் பந்தல் பிடிப்பான், ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றுவான். கொம்பனிக்காரர் வந்தால் அவன் வீட்டில்தான் சாப்பாடு.

பரிமளம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சங்கத்தில் மூன்று நாலு பெண்களிடம் கதைத்துப் பார்த்தாள். "நீர் போம், நாங்கள் பின்னாலை வாறம்" என்றாள் நிலாந்தினி. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பின்னால் வருவதற்கு ஊரே இருந்தது. முன்னால் போவதற்குத்தான் ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பருப்பு இறக்கிக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வெளிச்சம் மறைந்தது. இரண்டு பேர். ஹெல்மெட் கழற்றவில்லை. நம்பர் தகட்டில் சேறு பூசிய மோட்டார் சைக்கிள் வேப்பமரத்தடியில் நின்றது. மழை பெய்து எத்தனையோ நாள்.

"பரிமளம் அக்கா" என்றான் ஒருவன். குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. "மகள் கடைசி பஸ்ஸிலையோ வாறவ?"

அவள் சட்டியை இறக்கி வைக்காமல் நின்றாள்.

"இல்லை, சும்மா கேட்டனான். பாலத்தடியிலை இருட்டு. கவனம்."

போய்விட்டார்கள். பருப்புச் சட்டியைப் பிடித்த கை சுட்டது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் சாப்பிட்ட பருப்பில் உப்பில்லை. ஒருவரும் முறையிடவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்துப் பள்ளிக்கூட அதிபரும் கேட்கவில்லை.

பவதாரணிக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி படிக்கிறாள். விடிய முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வருவாள். ஒவ்வொரு பின்னேரமும் தாய் பாலத்தடித் தரிப்பிடத்தில் நிற்பாள். அன்றைக்கு இரண்டு பஸ் முதலே போய் நின்றாள். கடலுக்குக் குறுக்கே தூரத்தில் பஸ்ஸின் லைற் தெரிந்ததும், அது பாலத்தில் எங்கேயாவது நிற்குமோ என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பவதாரணி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள்.

"நீங்கள் நிப்பாட்டினா அவங்களும் நிப்பாட்டுவாங்களோ அம்மா?"

"ஓம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. மகளை யாழ்ப்பாணத்தில் தன் அக்கா வீட்டில் நிற்கச் சொன்னாள். அங்கே நின்றால் தாய் இரவெல்லாம் முழித்துக் கிடப்பாள் என்று மகள் மறுத்தாள். அது உண்மை. கடைசியில் பரிமளம், "நான் இந்த அலுவலை விடுறன்" என்றாள். மகள் சோற்றுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

அடுத்த நாள் கத்தரீனாவிடமும் அதையே சொன்னாள். கத்தரீனா மீன் பெட்டியை இறக்காமல் நின்றாள்.

"விடுங்கோ. ஆர் உங்களைக் குத்தம் சொல்லப்போறது? எனக்கெண்டாலும் பயம்தான். நேற்றுப் பாலத்தடியிலை ஒரு லொறி நிண்டது, பாத்தனீங்களோ? சிவப்பும் வெள்ளையும் அடிச்ச தடி இறக்கிக்கொண்டு நிண்டாங்கள். குறுக்காலை போடுற தடி."

பின்னேரம் தரிப்பிடத்தில் நின்றபோது பரிமளம் அதைப் பார்த்தாள். பாலத்தின் தலைப்பில் கட்டிய சின்ன அறைக்குப் பக்கத்தில், மணலில், நீட்டாகக் கிடந்தது. புதுப் பெயின்ற் மணம் வீசியது. அவளுக்கு அந்தத் தடி தெரியும், சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடித் தடி. அதன் முன்னால் எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, அடையாள அட்டையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். எங்கே போகிறீர், எங்கேயிருந்து வருகிறீர், ஏன் இவ்வளவு நேரம். பிரதாபனைக் கொண்டுபோன மோட்டார் சைக்கிளுக்கு அந்த இரவு அந்தத் தடி உயர்ந்துதான் இருக்கவேண்டும். இனி இதிலும் ஆட்கள் நிற்பார்கள். காசு வாங்குகிறோம் என்று இருட்டில் பஸ்ஸை மறிப்பார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கடைசி பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்று யாரும் அவளிடம் வந்து கேட்கத் தேவையில்லை. முப்பது வருசம்.

அவளுக்குத் துணிவு வந்தது என்று சொன்னால் பொய். ஒரு பயத்தை இன்னொரு பயம் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சமையல் முடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். அப்போதும் அவள் யோசித்தது ஒன்றே ஒன்று. மோட்டார் சைக்கிள்காரர் பார்த்துக்கொண்டு வந்தால், அவள் ஏறி இருந்து கதைத்த வீட்டை அடையாளம் வைப்பார்கள். ஆகையால் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. இருப்பதில்லை. தேத்தண்ணி குடிப்பதில்லை. றோட்டால் போகிறவள்போலப் படலையில் நின்று, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது.

முதலில் நிலாந்தினி வீடு. நிலாந்தினி முற்றத்தில் மிளகாய் காயவிட்டுக்கொண்டிருந்தாள். படலையில் நின்ற பரிமளத்தைக் கண்டதும் எழும்பிக் கையைத் துடைத்தாள்.

"நாளைக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு" என்றாள் பரிமளம். குரல் தாழ்ந்துதான் வந்தது. "சனசமூக நிலையத்துக்கு. வீட்டுக்கு ஒராள் வாங்கோ."

வேறொன்றும் சொல்ல வரவில்லை. திரும்பி நடந்தாள். நிலாந்தினி உள்ளே வரச் சொல்லவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். இவளுக்கும் பயம்தான் என்று பரிமளம் நினைத்தாள்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லா இடமும் அப்படியே. சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் றேடியோவைக் குறைத்தார்கள். இன்னொரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார். ஒருவரும் தண்ணீர் குடிக்கிறீரா என்றுகூடக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் அவளைக் கடந்து போனது. இரண்டாவது தரம் மெதுவாகப் போனது. குடைக் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்தாள். ஏதோ ஒரு வீட்டில் அவள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் சொன்னாள். அந்த வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள். அது ஏன் என்று பரிமளத்துக்கு விளங்கவில்லை.

பக்கத்துக் குறிச்சியான இறுப்பிட்டியில் அம்பலவாணர் வீட்டில்தான் விளங்கியது. அவர் பழைய தபால்காரர். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறவர். அவருடைய மனைவி இராசமணி படலைக்கு வந்து, பரிமளம் சொன்னதைக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்தாள்.

"ஆர் பிள்ளை?"

"என்ன மாமி?"

"ஆர் மோசம் போனது எண்டு கேக்கிறன். உப்பிடி வந்து நிண்டு சொல்லிப்போட்டு, போட்டு வாறன் எண்டும் சொல்லாமல் போறீர். ஆற்றை செத்தவீடு?"

உள்ளேயிருந்து அம்பலவாணரின் குரல் கேட்டது. "நானெண்டு சொல்லிப்போட்டாளோ? இன்னும் கிடக்கிறன் எண்டு சொல்லு! வேணுமெண்டா வந்து பாக்கட்டும்!"

பரிமளம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். படலைக்கு வெளியே நிற்பது, உள்ளே கால் வைக்காதது, இருக்காதது, ஒரு வாய் தண்ணீர் வாங்காதது, நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்வது, போட்டு வாறன் என்று விடைபெறுகிற சொல்லை விழுங்கிவிட்டுத் திரும்பி நடப்பது. அந்தத் தீவில் சாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். போனில் சொன்னாலும், லவுட்ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோவில் சொன்னாலும், ஊருக்குள் ஆள் போய்ச் சொல்கிற முறை மாறவில்லை. செத்தவீடுகளுக்குப் போகாமல் இருந்த வருசங்களில் அவளுக்கு மட்டும் அது மறந்து போயிருந்தது.

"ஐயோ மாமி. ஒருத்தரும் சாகேல்லை. நான் பாலத்துக்குச் சொல்ல வந்தனான். கடவுளே, எத்தினை வீட்டை உப்பிடிச் சொல்லிப்போட்டன். திரும்பப் போய்ச் சொல்லுறன்."

"நில்லும்." இராசமணி படலையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்ன படலைக்குத் திரும்பிப் போகக்கூடாது. போனா இன்னொண்டு சொல்லவேண்டி வரும். விசர் வேலை பாக்காதையும்." பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "பாலத்துக்கோ சொன்னனீர்?"

"ஓம்."

"எங்கட பவுசர் வாற பாலத்துக்கோ?"

"ஓம் மாமி."

இராசமணி பவுசர் வருகிற றோட்டை ஒருதரம் பார்த்தாள். உள்ளேயிருந்து மனிதர் "ஆரெண்டு கேளன்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சரி, நீர் போம். பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

அன்றைக்குப் பஸ் பிந்தியது. மதகில் அந்த மோட்டார் சைக்கிள் லைற் இல்லாமல் நின்றது. யாரோ சிகரட் இழுப்பது செம்புள்ளியாகத் தெரிந்தது. ஊர் முழுக்கச் சாவு சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன் என்று நினைத்தாள். சொன்ன சாவு எந்த வீட்டுக்குப் போகும்? சொன்னவளின் வீட்டுக்கு வராதா? பஸ் வந்து, மகள் இறங்கி, "என்ன அம்மா, கை ஐஸ் மாதிரி" என்று கேட்கும்வரை அவள் கோயில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி நின்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் சனசமூக நிலையத்துக்குப் போனது, சனத்திடம் மன்னிப்புக் கேட்கத்தான். யாரும் வரமாட்டார்கள், வந்தால் ஏசத்தான் வருவார்கள் என்று நினைத்தாள். ஒழுங்கையால் திரும்பியவள் நின்றுவிட்டாள்.

சனம் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள். வெள்ளை வேட்டி, வெளுத்த சேலை. பெண்களின் தலையில் பூவில்லை. சத்தமாகக் கதைப்பவர் யாருமில்லை. சைக்கிள்களைச் சுவரில் சாத்திவிட்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே போய் இருந்தார்கள். கதிரைகள் முடிய நிலத்தில் இருந்தார்கள். நிலாந்தினி அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"ஏசாதையும் பிள்ளை" என்று பரிமளம் முணுமுணுத்தாள். "நான் தெரியாமல்..."

"இராசமணி மாமி எல்லாருக்கும் சொன்னவ, இது பாலத்துக்குச் சொன்ன செத்தவீடெண்டு. பேசாமல் இரும் அக்கா. கூட்டத்துக்கெண்டா இந்தச் சனம் வந்திருக்காது. இதுக்கு வராமல் விடேலாது."

வாகீசனுக்கு முதலில் சந்தோசம். இவ்வளவு சனத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் அவனுடைய தாய் ஞானசவுந்தரி புதுச் சேலையோடு இருந்தாள். படம் எடுக்க ஒருவன் நின்றான். வாகீசன் பாலத்தின் நீளத்தைச் சொன்னான், பெலத்தைச் சொன்னான். "ஒரு சின்னக் காசுதான். நல்ல பாலம் வேணுமெண்டா நாங்களும் கொஞ்சம் குடுக்கத்தானே வேணும்" என்றான். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் மறுத்துக் கேட்கவுமில்லை. அவன் கதைக்கக் கதைக்க, அந்த அமைதிக்குள் அவனுடைய குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தரம் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தான்.

"சரி, விருப்பமான ஆக்கள் கையை உயத்துங்கோ."

அவனுடைய ஆட்கள் உயர்த்தினார்கள். படம் எடுத்தார்கள்.

"எதிர்ப்பெண்டா உயத்துங்கோ." கமராக்காரன் சனத்தின் பக்கம் திரும்பினான். ஹெல்மெட்காரரில் ஒருவன்போல ஒருவன் வாசலில் சாய்ந்து நின்றான். இப்போது ஹெல்மெட் இல்லாததால் அவன்தானா என்று தெரியவில்லை. பரிமளத்தின் கை மடியில் கல்லாகக் கிடந்தது. தூக்கப் பார்த்தாள். வரவில்லை. பக்கத்தில் நிலாந்தினியின் கையும் கிடந்தது. ஒரு கையும் எழும்பவில்லை.

"அப்ப எதிர்ப்பில்லை" என்று வாகீசன் சிரித்தான். "எல்லாரும் தேத்தண்ணி குடிச்சு, வடை சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்."

தட்டங்கள் வந்தன. இராசமணியின் முன்னால் நீட்டிய தட்டத்தை அவள் கையால் மெல்லத் தள்ளினாள். அடுத்தவரும் தள்ளினார். தட்டம் வரிசை வரிசையாகப் போய், கொண்டுவந்தபடியே திரும்பியது. செத்தவீட்டில் யாரும் வாய் நனைப்பதில்லை.

இராசமணி எழும்பிச் சேலையை உதறினாள். மேடையைப் பார்க்கவில்லை. ஒரு சொல் சொல்லாமல் வாசலால் போனாள். அடுத்து நிலாந்தினி, அடுத்து பின்வரிசை, அடுத்து நிலத்தில் இருந்தவர்கள். வாகீசன் வாசலுக்கு ஓடிவந்து கைகூப்பிக்கொண்டு நின்றான். "போட்டு வாங்கோ அண்ணை. போட்டு வாங்கோ அக்கா." கல்யாண வீட்டில் நிற்பதுபோல நின்றான். யாரும் போட்டு வாறன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்து, அவனைக் கடந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். யாரைப் படம் எடுப்பது? சும்மா எழும்பிப் போகிற சனத்தை எடுத்து என்ன செய்வது? அவனுடைய முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதைப் பரிமளம் கண்டாள். அவன் அந்த ஊர்ப் பிள்ளை. தனக்கு என்ன செய்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

வெளியில் ஸ்கூட்டியோடு நின்ற கத்தரீனா அவளுடைய காதில் சொன்னாள்: "வோட்டுப் போட முதலே ஆளை எரிச்சுக் காடாத்தியும் முடிச்சுப் போட்டியள். எங்கட ஆக்களெண்டா மாதா கோயில் மணியும் அடிச்சிருப்பினம்."

பரிமளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம் என்றுதான் யோசித்தாள். ஒழுங்கையில் பாதி தூரம் போகவில்லை, பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. ஞானசவுந்தரி. ஒரு காலில் செருப்பில்லை. சேலைக்கரை மண்ணில் இழுபட்டது.

"பிள்ளை. நீர் ஒராள் எண்டாலும் சொல்லிப்போட்டுப் போம். உயிரோடை நிக்கிற பிள்ளைக்கு உப்பிடிச் செய்யலாமோ? எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். ஒருக்கால் போட்டு வாறன் எண்டு சொல்லும்."

அந்தக் கிழவியின் கண்ணில் இருந்ததைப் பரிமளம் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். சொல்ல வாய் எடுத்தாள். வந்தது வேறு.

"பெரியம்மா, என்ர பிள்ளை கடைசி பஸ்ஸிலை வாறவள்."

"அதுக்கு?"

"ரெண்டு பேர் வந்து கேட்டவங்கள். கடைசி பஸ்ஸிலையோ வாறவ எண்டு."

ஞானசவுந்தரி அவளைப் பார்த்தபடி நின்றாள். பிரதாபனுடைய கதை அவளுக்குத் தெரியும். ஊரில் யாருக்குத் தெரியாது.

"என்ர மோன் அனுப்பினவனோ?"

"தெரியாது பெரியம்மா. தெரிஞ்சா இவ்வளவு பயமில்லை."

கிழவி திரும்பிச் சனசமூக நிலையத்தைப் பார்த்தாள். மகன் வெறும் கதிரைகளுக்கு நடுவில் நின்றான். அவள் அங்கே போகவில்லை. மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "நடவும்" என்றாள்.

இருவரும் பாலத்தடித் தரிப்பிடத்தில் இருந்தார்கள். வெளிச்சம் போனது. கடல் கறுத்தது. மதகில் மோட்டார் சைக்கிள் வந்து நின்று லைற்றை அணைத்தது. பரிமளத்தின் கை தானாக வாயைப் பொத்தியது.

ஞானசவுந்தரி எழும்பினாள். இடுப்பில் கை வைத்து, மெதுவாக, மதகுவரை நடந்தாள். அவர்களுக்கு மிகக் கிட்டப் போய், குனிந்து, முகத்தைப் பார்த்தாள்.

"நான் வாகீசன்ர தாய்" என்றது காற்றில் கேட்டது. "கடைசி பஸ்ஸுக்கு நிக்கிறன். எங்கட பிள்ளை வருது. நீங்கள் ஆற்றை பிள்ளையள் தம்பி? தாய் தேப்பன்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் பரிமளம் எழும்பவும் இல்லை, மூச்சு விடவும் இல்லை. பிறகு மோட்டார் சைக்கிள் இயங்கியது. கிழவியைச் சுற்றிக்கொண்டு வேலணைப் பக்கம் போனது.

பாலத்தின் நடுவில் அதன் பின் லைற்றும் எதிரே வந்த பஸ்ஸின் முன் லைற்றும் சந்தித்தன. பஸ் நிற்கவில்லை. வந்தது. பவதாரணி புத்தகப் பையோடு இறங்கி, தாயையும், வெறுங்காலோடு நின்ற கிழவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனிச் சொல்லும்" என்றாள் ஞானசவுந்தரி. அவளுடைய குரல் அப்போதுதான் நடுங்கியது.

"போட்டு வாறன் பெரியம்மா."

"ஓம். போட்டு வாங்கோ."

அந்த மாதச் சபையில் பாலத்துத் தீர்மானம் எடுக்கப்படவில்லை. வாகீசன் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஏறி இருந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்து, தான் எதிர்ப்பதாகச் சொல்லிவிட்டு, போட்டு வாறன் என்பதை இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தான். சில வீடுகளில் பதில் கிடைத்தது. பரிமளத்தின் படலையில் ரின்னை நெடுநேரம் ஆட்டினான். அவள் வெளியே போகவில்லை.

தேர்தல் இன்னும் நடக்கவில்லை. தடி அந்த இடத்திலேயே கிடக்கிறது. யாரும் நடவும் இல்லை, ஏற்றிக்கொண்டு போகவும் இல்லை. அந்த இருவரும் யார் என்பது தெரியாது. பின்னேரங்களில் இரண்டு பெண்கள் பாலத்தடியில் இருக்கிறார்கள். ஒருத்தி மகளுக்கு. மற்றவள் எதற்கு என்று அவளும் சொல்வதில்லை, பரிமளமும் கேட்பதில்லை. கடலுக்குக் குறுக்கே லைற் தெரிந்தால் இருவரும் எழும்புகிறார்கள். அது பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை இருவரும் கதைப்பதில்லை.